தெளிந்தோர் இல்லத் திறப்பு விழா

நோய் பிறக்கும் இடத்திலேயே மருந்தும் பிறக்க வேண்டும் என்ற மகத்தான தத்துவத்தை, செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து உலகுக்கு முதன்முதலில் கட்டிக் காட்டிய பெருமை தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளியையே சேரும். அங்கே ஒரே கட்டடத்தின் முன்பக்கம் சாராயக் கடை. பின்பக்கம் சாராயத்தை விட்டவர்கள் தங்கும் இல்லம். நடுவில் ஒரு சுவர். கடையை ஏலம் எடுத்தவர் முனிராஜ். இல்லத்தின் தலைவரும் முனிராஜ். சுவருக்கு மட்டும்தான் எந்தப் பதவியும் கொடுக்கப்படவில்லை.

இந்தப் பெருமையை நேரில் அனுபவித்தவர்களில் முதன்மையானவர் ஈயம் பூசும் தாவூது.

எழுபத்தொன்றாம் ஆண்டு அரசாங்கம் சாராயக் கடைகளைத் திறந்துவிட்டது. அதற்கு முன்பெல்லாம் குடிக்கிறவன் மலையடிவாரம் வரை இருட்டில் நடந்து, போலீசுக்குப் பயந்து, கண்டதையும் குடித்துவிட்டு வர வேண்டும். குடிமக்கள் படும் இந்தச் சிரமத்தைப் பொறுக்காமல் கடைத்தெருவுக்கே கொண்டுவந்து தந்தார்கள். தாவூது பகல் முழுக்க ஊர்ப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பளபளப்பு ஏற்றுவார். சாயங்காலமானால் அவர் வீட்டுப் பாத்திரம் ஒன்று அடகுக் கடைக்கு நடக்கும். மனைவி ஜுபைதா சீராகக் கொண்டுவந்த செப்பு அண்டா நடந்த அன்று, அவளும் நடந்தாள். தருமபுரியில் பாத்திரக் கடை வைத்திருந்த அண்ணன் அப்துல் சுபான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

தாவூதுக்குக் கூட்டாளிகளுக்குப் பஞ்சமில்லை. கோவிந்தன் பஸ் கண்டக்டராக இருந்தவர். பாலக்கோடு கேட்டவர்களுக்கு ஓசூர் டிக்கெட் கிழித்துக் கொடுத்து வேலையை இழந்தவர். மல்லையன் வத்தல்மலைக்காரர். சந்தைக்குச் சாமை மூட்டையைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு இறங்கினார். மூட்டையை விற்றுக் குடித்தார். பிறகு கழுதையையும் விற்றுக் குடித்தார். அப்புறம் மலைக்கு எந்த முகத்தோடு ஏறுவது என்று கீழேயே தங்கிவிட்டார். நான்காவது ஆள், லாரியில் சுமை ஏற்றும் சர்தார்.

ஒரு நாள் காலையில் நால்வரும் சந்தைக்குப் பின்னாலிருந்த பள்ளத்தில் கிடந்தார்கள். மூன்று பேர் எழுந்தார்கள். சர்தார் எழுந்திருக்கவில்லை. அவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய மூவருக்கும் சாயங்காலம் கடைப் பக்கம் கால் போகவில்லை. கொள்கையாவது ஒன்றாவது! பயம்தான். சர்தாரின் செருப்பு மட்டும் அந்தப் பள்ளத்திலேயே கிடந்ததைத் தாவூது பார்த்திருந்தார். அதை நினைத்து நினைத்து அழுதார்.

பால்காரி ராமக்காள் தன் மாட்டுக்கொட்டகையில் ஒரு மூலையை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்தாள். வாடகைக்குப் பதில் சாணி அள்ள வேண்டும். அங்கேதான், எந்த நிபுணர் குழுவின் பரிந்துரையும் இல்லாமல், இரண்டு சட்டங்கள் இயற்றப்பட்டன.

முதல் சட்டத்தைச் செய்தவர் கோவிந்தன்.

"வெளிய போனா மூணு பேராத்தான் போவணும். ஒருத்தன் தனியாப் போனா காலு தானா அங்க போயி நின்னுரும். ரெண்டு பேராப் போனா ஒருத்தன் கூப்புடுவான், இன்னொருத்தன் 'சரி, உனக்கோசரம்'னு கூடப் போவான். மூணு பேராப் போனாத்தான், ஒருத்தன் ஓடறப்ப ரெண்டு பேரு புடிச்சி இழுக்க முடியும்."

இரண்டாவது சட்டம் மல்லையனுடையது. பொழுது சாய்ந்தால் ஒருவர் முறைபோட்டு வாசலில் நிற்க வேண்டும். உள்ளே வருகிறவர் அவர் முகத்துக்கு நேராக ஊத வேண்டும். வாடை இல்லையென்றால் உள்ளே, இருந்தால் வெளியே. திட்டு கிடையாது, அடி கிடையாது, புத்திமதி கிடையவே கிடையாது. மறுநாள் வாடையில்லாமல் வந்தால் மறுபடியும் உள்ளே.

ஆரம்பத்தில் மல்லையன் குடித்துவிட்டு வந்த புளித்த ராகிக் கூழால் இரண்டு முறை வழக்கு வந்ததுண்டு. ஆனால் தாவூதின் வழக்கில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஒரு பெருநாள் அன்று, பிரியாணி வாசனையில் வீட்டு நினைப்பு வந்து, மற்ற இருவரையும் ஏமாற்றிவிட்டுத் தனியாகக் கடைக்குப் போனார். திரும்பி வரும்போது மழை. வாசலில் மல்லையன்.

"ஊது, பாய்."

"மல்லையா, மழை பேயுதுடா."

"நனைஞ்சிக்கிட்டே ஊது."

ஊதினார். கதவு சாத்தப்பட்டது. தாவூது இரவெல்லாம் கொட்டகைக்கு வெளியே நனைந்துகொண்டு கெஞ்சினார், வைதார், மல்லையனின் ஏழு தலைமுறையையும் இழுத்தார். கதவுக்கு உட்புறம் மல்லையன் குலுங்கிக் குலுங்கி அழுவது அவருக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் கதவு திறக்கவில்லை. அதற்கப்புறம் தாவூது குடிக்கவில்லை.

இப்படி ஒரு காரியம், விழா இல்லாமல், மாலை இல்லாமல், கல்வெட்டு இல்லாமல், ஒரு மாட்டுக்கொட்டகையில் நடந்துகொண்டிருப்பது எந்த நாகரிக சமுதாயத்துக்கும் இழுக்கு. அதைத் துடைக்க முன்வந்தார் முனிராஜ்.

அப்போது அவருக்கு ஒரு சிறு தொல்லை. ஊர்ப் பெண்கள் துடைப்பத்தோடு கடை வாசலுக்கு வர ஆரம்பித்திருந்தார்கள். அதே சமயத்தில் ராமக்காளின் மகன் கொட்டகையில் பட்டுப்புழு வளர்க்கப் போகிறேன் என்று மூவரையும் காலி செய்யச் சொல்லியிருந்தான். இரண்டு துயரங்களையும் ஒரே மூச்சில் தீர்த்தார் முனிராஜ். தன் கடைக்குப் பின்னால், சாராயப் பீப்பாய்கள் அடுக்கியிருந்த அறைக்கு வெள்ளையடித்து இல்லமாக வழங்கினார். 'மது அடிமை மீட்புச் சங்கம்' உதயமாயிற்று. தலைவர் முனிராஜ். குடிகாரர்களின் பாத்திரங்களை அடகு பிடித்துப் பழுத்த அனுபவம் பெற்றவர் துணைத் தலைவர். கடைக்குச் சுண்டல் போடுகிறவர் பொருளாளர். பாட்டில் வியாபாரி செயலாளர். குடியைப் பற்றி அறியாத ஒருவரும் சங்கத்தில் நுழைந்துவிடாதபடி பார்த்துக்கொண்டார்கள்.

பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று பொறாமைக்காரர்கள் பேசினார்கள். தாவூதும் பேசியிருப்பார், ஆனால் படுக்க வேறு இடமில்லை.

முதல் செயற்குழுக் கூட்டத்தில் மூவரும் ஓரமாக நின்றார்கள். ஊதும் சட்டத்தைப் பற்றிக் கேட்டதும் தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"அடடா! இது ஆராய்ச்சியப்பா, ஆராய்ச்சி! இதைப் போர்டா எழுதி வாசல்ல மாட்டணும். என் பேரைப் போட்டு எழுதுங்க."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மூன்றாம் நாள் பலகை வந்தது: 'எவராயினும் ஊதாமல் உள்ளே வரலாகாது. இங்ஙனம், தலைவர்.' சிவப்பு எழுத்து. 'தலைவர்' மட்டும் தங்க நிறம்.

கோவிந்தன் தலையைச் சொறிந்தார். "எவராயினும்னா... எல்லாருமாங்க?"

"எல்லாருந்தான்! சட்டத்துக்கு முன்னால பெரியவன் ஏது, சின்னவன் ஏது?" என்றார் தலைவர். கைதட்டல் வெகுநேரம் நீடித்தது.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்து, மாவட்டத் தலைநகரிலிருந்து ஒரு பெரியவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்தார்கள். பஸ் போகிற ஊர்களிலெல்லாம் நோட்டீஸ் ஒட்டினார்கள். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை எல்லாம் போக, கடைசி வரியில் 'நன்றியுரை: ஜனாப் தாவூது அவர்கள், முன்னாள் குடிகாரர்' என்று அச்சாகியிருந்தது. படித்து வாங்கிய பட்டத்தைக்கூட அவ்வளவு பெரிய எழுத்தில் போடமாட்டார்கள்.

தருமபுரி பஸ் நிலையத்துச் சுவரில் அதை ஜுபைதா பார்த்துவிட்டாள். அவள் சொல்லி அனுப்பிய செய்தியைக் கோவிந்தனுக்குத் தெரிந்த டிரைவர் கொண்டுவந்து சேர்த்தார்.

"பாய் சம்சாரம் விழாவுக்கு வர்றாங்களாம். மூக்குக்கு நேரா வந்து நிப்பாங்களாம். வாடை இல்லேன்னா கூட்டிக்கிட்டுப் போறாங்களாம். இருந்துச்சுன்னா அடுத்த பஸ்ஸுலயே திரும்பிருவாங்களாம். அப்புறம் பேச்சு ஜமாத்துலதான்னாங்க."

தாவூதுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அவர் குடிப்பதில்லை, அது அவருக்குத் தெரியும். ஆனால் புது இல்லத்துக்கு வந்ததிலிருந்து அவர் சட்டை குடித்துக்கொண்டிருந்தது! பீப்பாய் இருந்த அறை அல்லவா? வெள்ளையடித்தால் சுவர் வெளுக்கும், வாடை போகுமா? மூவரும் சட்டைகளைக் கழற்றி ராமக்காள் வீட்டு வேலியில் காயப்போட்டார்கள். விழா நாளன்று தாவூது மூன்று முறை குளித்தார், அத்தர் பூசினார், அத்தர் எதையோ மறைப்பதாக அவள் நினைப்பாளோ என்று பயந்து மறுபடியும் குளித்தார்.

அன்று வாசலில் நிற்கும் முறையும் தாவூதுடையதாகவே அமைந்தது. சிறப்பு விருந்தினர் காலையிலேயே தலைவரோடும் நிர்வாகிகளோடும் ஒகேனக்கல்லில் நீர்வரத்தைப் பார்வையிடச் சென்றிருந்தார். மீன் வறுவலையும் பார்வையிட்டார்கள். வேறு என்னென்ன பார்வையிட்டார்கள் என்பது அழைப்பிதழில் இல்லை. சாயங்காலம் மேளம் அடித்து அடித்து ஓய்ந்தபிறகு இரண்டு கார்கள் வந்தன. காரிலிருந்து இறங்கிய தலைவர், தரை தான் நினைத்ததைவிடச் சற்றுக் கீழே இருப்பதைக் கண்டு வியந்தார்.

மண்டிக்காரர்கள், பெண்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று ஊரே கூடியிருந்தது. கூட்டத்தின் ஓரத்தில் ஒரு கறுப்பு புர்கா, கையில் துணிமூட்டை. முகத்திரையைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஜுபைதா நின்றாள். தாவூது அவளைப் பார்த்தார். அவள் பலகையைப் படித்துக்கொண்டிருந்தாள்.

வாசலுக்குக் குறுக்கே ரிப்பன். ரிப்பனுக்கு அந்தப் பக்கம் தாவூது. தலைவர் கம்பீரமாக வந்து நின்றார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே தாவூதுக்கு விஷயம் புரிந்துவிட்டது. எத்தனை வருஷப் பழக்கம்!

"ஊதுங்க," என்றார் தாவூது.

தலைவர் சிரித்தார். "பாய்க்கு எப்பவும் தமாசுதான். நகருப்பா, ஐயா காத்துக்கிட்டு நிக்கிறாங்க."

"அதனாலதானுங்க வெரசா ஊதச் சொல்றேன்."

செயலாளர் ஓடி வந்தார். "சட்டம் உள்ள தங்கறவங்களுக்குத்தான்யா! திறந்து வெக்கிறவங்களுக்கு இல்லே!"

கோவிந்தன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தாவூதின் வலப்பக்கம் நின்றார். "எவராயினும்னா எல்லாருமான்னு அன்னைக்கே நான் கேட்டனுங்க. தலைவர்தான் எல்லாருந்தான்னாரு."

மல்லையன் வந்து இடப்பக்கம் நின்றார்.

தலைவர் ரிப்பனுக்கு மேலே குனிந்து தாவூதின் காதருகே வந்தார். அந்த நெருக்கத்தில் ஊத வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"பாய், சொன்னாக் கேளு. உள்ள விட்டீன்னா இந்த எடம் உங்க மூணு பேருக்கும் ஆயுசுக்கும். கடைப் பாத்திரம் பூரா உனக்குத்தான் ஈயம் பூச. விடலேன்னா, இன்னைக்கு ராத்திரி எங்க படுப்பே? உன் சம்சாரம் வந்திருக்குதாமே. அந்தம்மா முன்னால தெருவுல நிக்கப்போறியா?"

தாவூது கூட்டத்தின் ஓரத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் ஜுபைதா. மறுபக்கம் தலைக்கு மேலே ஒரு கூரை. ஒரு நொடி நகர்ந்து நின்றால் போதும், இரண்டும் கிடைத்துவிடும். நகரலாம் என்றுதான் அவருக்குத் தோன்றியது. ஒரு காலைத் தூக்கியும் விட்டார். அப்போது அந்தப் பெருநாள் மழை நினைவுக்கு வந்தது. கதவுக்கு உள்ளே மல்லையன் அழுத அழுகை காதில் கேட்டது. தூக்கிய காலை அங்கேயே ஊன்றினார்.

"மழையில என்னையே வெளிய நிறுத்துன சட்டமுங்க இது," என்றார். ஊருக்கே கேட்டது. "உங்களை ஊதாம விட்டுட்டேன்னா, நாளைக்கு நான் குடிச்சிட்டு வந்து நிக்கறப்ப எவன் என்னைத் தடுப்பான்? தடுக்கலேன்னா நான் செத்தேன். சர்தார் செத்த மாதிரி செத்தேன். ஊதுங்க, தலைவரே. இல்லேன்னா துணைத் தலைவரை ஊதச் சொல்லுங்க. உங்கள்ள ஒருத்தரு ஊதிட்டு உள்ள வாங்க, போதும்."

தலைவர் துணைத் தலைவரைப் பார்த்தார். துணைத் தலைவர் பொருளாளரைப் பார்த்தார். பொருளாளர் செயலாளரைத் தேடினார். செயலாளர் காருக்குள் இருந்தார். எல்லோரும் கடைசியில் சிறப்பு விருந்தினரைப் பார்த்தார்கள்.

"ஐயாவுக்கு ஜலதோஷம்," என்று அறிவித்தார் தலைவர். "டாக்டர் ஊதக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

கூட்டத்தில் முதலில் சிரித்தது ராமக்காள். அப்புறம் பெண்கள் பக்கம் முழுக்கச் சிரிப்பு பரவியது.

ஆனால் பெரிய மனிதர்கள் நெருக்கடியில்தான் பெரிய மனிதர்கள். சிறப்பு விருந்தினர் பத்தடி தூரத்தில் நின்றபடியே உரையைத் தொடங்கினார். காவிரியின் புனிதத்தைப் பற்றி மனமுருகப் பேசினார். "இந்தப் பாலத்தை மக்களுக்கு அர்ப்பணிப்பதில் பேருவகை அடைகிறேன்," என்று முடித்தார். பக்கத்தில் நின்ற போட்டோக்காரர் கத்தரிக்கோலை அவர் கையிலிருந்து வாங்கி, தானே போய் ரிப்பனை வெட்டிவிட்டு வந்தார். இந்தியாவிலேயே ஒரு நிர்வாகியும் காலெடுத்து வைக்காமல் திறந்துவைக்கப்பட்ட இல்லம் என்ற சிறப்பும் இவ்வாறு மாரண்டஹள்ளிக்குக் கிடைத்தது. நன்றியுரை ரத்து செய்யப்பட்டது.

கார்கள் போனபின் ஜுபைதா வாசலுக்கு வந்தாள்.

"நான் உள்ள வரணும்னா நானும் ஊதணுமா?"

தாவூது பலகையைக் காட்டினார். "ஆமா. எவராயினும்னு போட்டிருக்குது."

அவள் ஊதினாள். சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள்.

"இப்ப நீங்க ஊதுங்க."

அவர் ஊதினார். நெஞ்சிலிருந்த காற்றெல்லாம் போகிற வரை ஊதினார். ஊதி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தார். அவள் அவர் சட்டையை மோந்து முகத்தைச் சுளித்தாள்.

"சட்டையில கப்புன்னு வருது. வாயில இல்லே." மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "நடங்க. தருமபுரி பஸ்ஸு போயிரப்போவுது."

"இவுங்களுக்குப் படுக்க எடமில்லே, ஜுபைதா."

அவள் கோவிந்தனையும் மல்லையனையும் ஏற இறங்கப் பார்த்தாள். "மூணு பேராப் போனாத்தான் தடம் மாற மாட்டீங்கன்னு டிரைவரு சொன்னாரே. அப்ப மூணு பேரும் வாங்க. அண்ணன் கடைக்குப் பின்னால கிடங்கு சும்மாத்தான் கெடக்குது. கத்துவாரு. கத்தட்டும். ஆனா வாசல்ல நான்தான் நிப்பேன்."

மல்லையன் மெதுவாகக் கேட்டார். "ஆத்தா, ராகிக் கூழு புளிச்சா கொஞ்சம் அந்த மாதிரியே அடிக்கும். பரவால்லீங்களா?"

இவர்கள் போனபிறகு சங்கம் அவசரமாகக் கூடியது. விருந்தினரிடம் அநாகரிகமாக நடந்துகொண்ட மூவரையும் வெளியேற்றுவதாகத் தீர்மானித்தார்கள். ஆனால் ஆண்டறிக்கையில் அப்படி எழுதுவது அழகாக இருக்காது என்று செயலாளர் கருதினார். எனவே, 'இல்லத்தில் சேர்ந்த அனைவரும் பூரண நலம் பெற்றுக் குடும்பத்துடன் இணைந்தனர்' என்று எழுதப்பட்டது. இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதுதான் அறிக்கையின் விசேஷம். அறைக்குள் பீப்பாய்கள் திரும்பி வந்தன. பலகை அப்படியே இருந்தது. பீப்பாய்களை யாரும் ஊதச் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, எழுபத்துநாலில், அரசாங்கம் கடைகளை மூட உத்தரவிட்டது. முனிராஜ் உத்தரவு வந்த அன்றே கடையை மூடினார். மூடாமல் இருந்தால் போலீஸ் மூடியிருக்கும் என்பது வேறு விஷயம். சாராயத்தால் வரும் லாபத்தைத் துச்சமென உதறிய தியாகத்துக்காக அவருக்கு 'மதுவிலக்குச் செம்மல்' பட்டம் வழங்க அதே கடைக்குப் பின்னால், பழைய இல்லத்து வாசலில் மேடை போட்டார்கள். பழைய நிர்வாகிகள் அனைவரும் மேடையில் இருந்தார்கள். சிறப்பு விருந்தினரும் திறப்பு விழாவுக்கு வந்த அதே பெரியவர்தான். ஜலதோஷம் இன்னும் குணமாகவில்லை போலிருக்கிறது. மைக்கைச் சற்றுத் தள்ளியே பிடித்துக்கொண்டார்.

தாவூதும் கோவிந்தனும் மல்லையனும் வந்திருந்தார்கள். மூன்று பேராகத்தான். தருமபுரிக் கிடங்கில் அப்போது ஆட்கள் கூடியிருந்தார்கள். வாசலில் ஜுபைதா நிற்கிறாள், வாடை வந்தால் சொந்த அண்ணனையே உள்ளே விடமாட்டாள் என்று ஊரில் பேச்சு. மூவரும் மேடைக்கு எதிரே நிற்க இடம் கேட்டார்கள். வாசல் பக்கம் நிற்கக்கூடாது என்று போலீஸ்காரர் தள்ளிவிட்டார்.

சால்வை போர்த்தினார்கள். மாலை போட்டார்கள். முனிராஜ் கண்ணீர் மல்கக் கைகூப்பினார். அவர் தலைக்கு நேர் மேலே, சிவப்பு எழுத்தில் அந்தப் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. கீழே ஊரே உட்கார்ந்திருந்தது. மண்டிக்காரர்கள் இருந்தார்கள், வாத்தியார்கள் இருந்தார்கள், நீங்கள் இருந்தீர்கள், முன்வரிசையில் இதை எழுதுகிறவனும் இருந்தான். எல்லோருக்கும் படிக்கத் தெரியும்.

கை தட்டினோம். ஊதுங்க என்று ஒருத்தரும் சொல்லவில்லை.